உருளி ஏற்றிய ஜீப்

"அந்தப் பழைய ஜீப்பை இன்னும் எதுக்கு வெச்சுண்டிருக்கேள்?" என்று என்னிடம் கேட்காதவர்கள் கரமனையில் யாரும் பாக்கியில்லை. போன மாதம் சமையல் காண்டிராக்ட் எடுக்கிற இளம்பெண்கள் சிலர் யோசனை கேட்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். வாசலில் அவர்களுடைய புத்தம்புது மினி லாரி. கொல்லைப்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு ஒருத்தி, "மாமி, இதையெல்லாம் இனிமே ரோட்டுல இறக்கவே விடமாட்டா. ஆக்ரிக்குத் தூக்கிக் கொடுத்துடுங்கோ" என்றாள். பழைய இரும்புக்கு எடைபோட்டுப் போடச் சொல்கிறாள்.

"கொடுத்துடறேன். ஒன் வண்டியில பிரேக் ஆயில் எங்க விடறதுன்னு காட்டு, நாளைக்கே கொடுத்துடறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "அதுக்கெல்லாம் சர்வீஸ் சென்டர் இருக்கு மாமி."

"பொன்முடி மலை வளைவுல இருக்கோ?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வாயாடி மாமி என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போயிருப்பார்கள். பேசட்டும். அந்த வண்டியை ஏன் கொடுக்கமாட்டேன் என்பதை முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு காப்பி நேரம் போதாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. எங்கள் தெருவில் விருந்துச் சமையல்காரரைத் தேகண்டக்காரர் என்பார்கள். நீலகண்ட மாமா அப்படிப்பட்ட பெரிய தேகண்டக்காரர். கரமனையிலும் வலியசாலையிலும் அவர் கை படாத கல்யாணப் பந்தல் குறைவு. என் ஆத்துக்காரர் விஸ்வம் அவர் கோஷ்டியில் தேங்காய் துருவுபவர். நான் காய் நறுக்குபவள். உருளி, அண்டா, சட்டுவம், விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக மாமா ஒரு பழைய ஜீப் வாங்கினார். தோட்டத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த வண்டி. மலை எஸ்டேட்டுகளில் சத்யை, அதாவது இலை போட்டு விருந்து, வந்தால் வேறு வண்டி ஏறாது. சேற்றுப் பாதையில் கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பியைத் தள்ளிவிட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும், போய்விடலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டிரைவர் வளைகுடாவுக்குப் போய்விட்டான். வந்த புது டிரைவர்கள் எல்லாரும் வண்டியைப் பார்த்ததும் ஓடினார்கள். என் ஆத்துக்காரருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்கும். நான் ஓட்டுகிறேன் என்றேன். தெருவே கொல்லென்று சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரிக்கமாட்டார்.

"ஓட்டு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இந்த வண்டியால ஒரு வேளை சத்யை தாமசிச்சுதுன்னா, மறுநாள் வண்டியை வித்துடுவேன். நீ பழையபடி அருவாமணைக்கு முன்னால போய் உக்காந்துக்கணும். சம்மதமோ?" என்றார். கோஷ்டி முழுக்கச் சுற்றி நின்றது.

"சம்மதம்" என்றேன். அருவாமணையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டியரிங்கில் கை வைத்தபின் அங்கே திரும்பிப் போவதில்லை என்று அன்றே முடிவு பண்ணிவிட்டேன்.

வேலை கற்றது கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்த செல்வராஜ் மேஸ்திரியிடம். மார்த்தாண்டத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்கமாட்டார். "எக்கா, களத்துன சாமான களத்துன வரிசையில வையுங்க. திரும்ப மாட்டும்போ அதுவே வழி சொல்லும் பாத்துக்கிடுங்க" என்பார். அவ்வளவுதான் அவர் பாடம். மீதியை அந்த வண்டியே அடித்துச் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் வீடு நீளமானது. கொல்லை ஆற்றுப்பக்கம் போய் முடியும். அங்கே பாயை விரித்து, என் ஆத்துக்காரரின் பழைய பேண்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். விளிம்பு உடைந்த உருளி ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாகங்களைக் கழுவுவேன். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு பிடி மஞ்சள்பொடி போடுவேன், ஓட்டை அடைபட்டுவிடும். பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் மதில்மேல் எட்டிப்பார்த்து, "பொம்மனாட்டி ஜீப்புக்கு அடியில கிடக்கறா, கலிகாலமாக்கும்" என்றார். "மேல நின்னு சொல்றதுக்கு கீழ வந்து பிடிங்கோ மாமா, ஸ்பானர் ஒண்ணு கூடுதல் இருக்கு" என்றேன். அதற்கப்புறம் அந்த மதிலில் தலை தெரியவில்லை.

தெருவோடு இன்னொரு சண்டையும் உண்டு. ஒரு உற்சவ நாள். வண்டியின் பின்பக்கத் தண்டில், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்டில், மூட்டு உடைந்துவிட்டது. அதற்குக் கிராஸ் என்று பெயர். ஷாஃப்டைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டேன். வண்டி தெருவில் நிற்கிறது. சாயங்காலம் சுவாமி புறப்பாடு. வாகனம் வர இடமில்லை. தெருக்கூட்டம் கூடிவிட்டது. ஓடாத வண்டியைத் தெருவில் போட்டுச் சுவாமியையே மறிக்கிறாளாம். ஆற்றில் தள்ளிவிடலாம் என்று ஒருவர். நான் ஏறி உட்கார்ந்து, சின்னக் கம்பியைத் தள்ளி, முன்சக்கரத்தைச் சேர்த்தேன். பின்பக்கம் ஷாஃப்டே இல்லை. முன்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. தெருமுனை தாண்டி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, "சுவாமிக்கு வழி விட்டாச்சு. ஆத்துல யாரையாவது தள்ளணுமோ?" என்று கேட்டேன்.

இனி நீலகண்ட மாமா. வேட்டிக்கு மேல் ஒரு துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து, அதிகம் பேச்சில்லை. சாமான் அறைச் சாவி அந்தக் கொத்தில்தான் இருக்கும். ஒரு கரண்டி எண்ணெய் வேண்டுமானாலும் அவர்தான் பூட்டைத் திறந்து, அவர்தான் அளந்து விடுவார். அவர் அடுப்பங்கரையில் ஒரு சட்டம் உண்டு. யாராவது ஒரு பதார்த்தத்தைக் கெடுத்துவிட்டால் திட்டமாட்டார். கடைசிப் பந்தி முடிந்து கோஷ்டி சாப்பிட உட்காரும்போது, கெடுத்தவனுக்கு முதலில் இலை போடச் சொல்வார். கெட்ட பதார்த்தத்தை அவன் எல்லார் முன்னாலும் சாப்பிட்டு முடிக்கவேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு இலை.

அவருடைய மகன் மணி ஒருமுறை காளன் என்கிற தயிர்க் குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டான். மகனாயிற்றே, விட்டுவிடுவார் என்று பார்த்தோம். விடவில்லை. மணி கண்ணில் தண்ணீர் வர அந்தக் காளனைச் சாப்பிட்டான். மாமா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மணிக்கு ஜீப்பைக் கண்டாலே ஆகாது. புது டெம்போ வாங்கவேண்டும், தான் ஓட்டவேண்டும். "அப்பா சொன்ன வாக்கு ஞாபகம் இருக்கோ மன்னி?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். "ஒனக்கு மறந்தாலும் நான் ஞாபகப்படுத்தறேன்" என்பேன். வருஷங்கள் போயின. எத்தனையோ சத்யைக்குப் போனோம், ஒன்றுக்கும் தாமதமில்லை.

இரண்டாயிரம் தாண்டி ஒரு மார்கழி. பொன்முடி எஸ்டேட்டின் தலைமைக் குமாஸ்தா வீட்டில் கல்யாணம். மறுநாள் சாயங்காலம் வலியசாலையில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. மணியும் பாதிக் கோஷ்டியும் வலியசாலையில் காய் நறுக்கத் தொடங்கியிருப்பார்கள். பெரிய உருளிகளோடு நாங்கள் மலையிலிருந்து காலையில் இறங்கி வந்து சேரவேண்டும் என்று ஏற்பாடு.

மலைக்குக் கிளம்பிய அன்று காலை, மாமா நின்று சாமான் ஏற்றச் சொல்லிக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல வண்டியைப் பார்த்தேன். இந்த ஜீப்பில் பிரேக்கின் தலைமைச் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. தகட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து ஆயில் அளவு பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. புது டின்னை எடுக்க உள்ளே போனபோது விறகுக்காரன் வந்து பிடித்துக்கொண்டான். அவனோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஆயில் விளிம்புவரை இருக்கிறது. என் ஆத்துக்காரர் விட்டிருப்பார் என்று நினைத்து மூடியைத் திருகிவிட்டேன். வெயில் நேரத்தில் மலை ஏறினோம். ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிக வேலையில்லை. கல்யாணச் சாப்பாடு நேரத்துக்கு இலையில் விழுந்தது. பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை நல்ல பனி. உருளிகளை ஏற்றியாயிற்று. நான் ஏறி, பிரேக்கை மிதித்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டேன். வண்டி அசையவில்லை, எஞ்சின் குலுங்கி நின்றுவிட்டது. சின்னக் கம்பியைத் தள்ளினேன். நாலு சக்கரத்தையும் சேர்த்தும் அசைவில்லை. கால் வைத்தால் பிரேக் மிதி கல்லாக இருக்கிறது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னவாக்கும்?" என்றார்.

"பிரேக் பிடிச்சுண்டு விடலை மாமா."

ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். நாலும் பிடித்திருந்தது. ஒரு சக்கரம் என்றால் அந்தச் சக்கரத்தின் கோளாறு. நாலும் என்றால் கோளாறு தலைமைச் சிலிண்டரில். தரைத் தகட்டைத் தூக்கி மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

கரமனையில் அது உறைவது அபூர்வம். அதனால் எங்கள் ஊரில் யாருக்கும் அந்த யோசனையே வராது. பொன்முடியில் மார்கழிக் காலையில் கெட்டியாகிவிடும். மிதித்தபோது அழுத்தம் சக்கரங்களுக்குப் போயிற்று. அது திரும்பிவரும் சின்னத் துளையை உறைந்த எண்ணெய் அடைத்துக்கொண்டது. பிரேக் பிடித்தபடியே நின்றுவிட்டது.

"யார் இதுல எண்ணெய் விட்டது?" என்று கேட்டேன். என் ஆத்துக்காரர் இல்லை என்று தலையாட்டினார். கோஷ்டியில் கூட வந்த மற்ற இரண்டு பேரும் விழித்தார்கள். மாமா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் சாமான் அறைச் சாவிக்கொத்து தொங்குகிறது. எனக்குப் புரிந்துபோயிற்று. என் வண்டிக்கு வாக்குக் கேட்ட மனுஷரே அதில் எண்ணெயை விட்டிருக்கிறார். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் வண்டி.

அடுப்பில் இருந்த வெந்நீரைக் கொண்டுவரச் சொல்லி, சிலிண்டரின்மேல் வெளிப்புறமாக விடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் இளகி, நாலு சக்கரமும் விட்டுக்கொடுத்தது. மாமாவின் முகம் தெளிந்தது.

"சரியாயிடுத்தே! ஏறு, கிளம்பு. வலியசாலையில அடுப்பு காத்துண்டிருக்கு."

"கிளம்பமாட்டேன் மாமா."

"என்ன சொல்லறே?"

"எண்ணெய் இன்னும் உள்ளதான் இருக்கு. பாதி வளைவுல மறுபடி பிடிச்சுண்டாலும் போச்சு, பிடிக்காம விட்டாலும் போச்சு. முழுக்க எடுத்துக் கழுவி, புது ஆயில் விட்டு, காத்தெடுக்காம இந்த வண்டி இறங்காது."

"எத்தனை நேரமாகும்?"

"ஆகற நேரம் ஆகும்."

"கோமதி, நான் வாக்குச் சொல்லியிருக்கேன். தாமசிச்சா வண்டி போயிடும். தெரியுமோல்லியோ?"

நான் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். "போகட்டும். வண்டி போனா இரும்பு போச்சு. வளைவுல உருண்டா நாம அஞ்சு பேர். அடுப்புக்குப் பக்கத்துல நீங்க சொல்றதுதான் சட்டம், நான் மூச்சு விடமாட்டேன். இந்த வண்டிக்குப் பக்கத்துல நான்."

நான் கோஷ்டியில் சேர்ந்த இருபது வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. என் ஆத்துக்காரருக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். மாமா என்னை வெறித்துப் பார்த்தார். வேறு வழியும் இல்லை. தேயிலை லாரி முந்தின நாளே இறங்கிவிட்டது, பஸ்ஸில் உருளியை ஏற்றமாட்டார்கள்.

"செய்" என்றார்.

செய்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஸ்பிரிட் கொடுத்தார். எஸ்டேட் ஷெட்டில் பிரேக் ஆயில் இன்னொரு டின் கிடைத்தது. சிலிண்டரைக் கழற்றி, களத்துன வரிசையில் துணிமேல் வைத்தேன். உள்ளே இருக்கிற ரப்பர்க் கிண்ணம் எண்ணெய் குடித்து உப்பியிருந்தது. புது ரப்பர் எப்போதும் என் டப்பாவில் இருக்கும். அழுக்கு ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துவைத்தேன். எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் கழுவித் துடைத்து மாட்டினேன்.

இனிக் காற்றெடுப்பது. குழாயில் ஒரு கொப்புளம் காற்று இருந்தாலும் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்கவேண்டும். ஒருவர் கீழே சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, சின்ன நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கிப் பக்கத்துச் சக்கரத்தில் முடிக்கவேண்டும். நான் திறக்கும்போது மிதித்தவர் காலை எடுத்துவிட்டால், போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். என் ஆத்துக்காரருக்கோ பதற்றத்தில் கால் ஆடுகிறது. அவரை ஆயில் விட நிறுத்தினேன்.

"மாமா, நீங்க ஏறி உக்காருங்கோ."

"நானா?"

"பாயசத்தைச் சீராக் கிளறுவேளே, அந்த நிதானம் வேணும். அமுக்குன்னா அமுக்குங்கோ. நான் சொல்லாம காலை எடுக்கப்படாது."

ஏறி உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அமுக்குங்கோ."

"அமுக்கிண்டிருக்கேன்."

"பிடிச்சுக்கோங்கோ. விடாதேங்கோ." நிப்பிளைத் திறந்தேன், நுரைத்துக்கொண்டு வந்தது. மூடினேன். "இப்போ விடுங்கோ."

ஊருக்கே உத்தரவு போடுகிற மனுஷர், சக்கரம் சக்கரமாக நான் சொல்லச் சொல்ல அமுக்கினார், விட்டார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முணுமுணுக்கவும் இல்லை. கடைசிச் சக்கரத்தில் நுரை நின்று சுத்தமான ஆயில் வந்ததும், மிதி மேலேயே கெட்டியாக நின்றது. எஸ்டேட் மைதானத்தில் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, மனசு திருப்தியான பிறகுதான் இறங்கினேன். வளைவுகளில் வண்டி நான் சொன்ன இடத்தில் நின்றது.

வலியசாலையில் எங்களைப் பார்த்ததும் பெண்வீட்டுக்காரர் வாசலிலேயே கத்தத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டார் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மாமா தலைகுனிந்து உள்ளே போய் அடுப்பை மூட்டினார். பந்தி தாமதமாகத்தான் தொடங்கியது. அந்தத் தாமதத்தை நான் மறைக்கப் போவதில்லை. தாமதம்தான்.

விருந்தாளிகள் எழுந்துபோய், கோஷ்டி சாப்பிட உட்காரும் நேரம். மணி காத்திருந்தவன்போல எல்லார் முன்னாலும் ஆரம்பித்தான்.

"அப்பா, சொன்ன வாக்கு இருக்கு. நாளைக்கே வண்டியை வித்துடணும். மன்னியும் சம்மதிச்சதுதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் ஆத்துக்காரர், "போறும் கோமதி, விட்டுடு" என்று கண்ணால் கெஞ்சினார். விடுவேனா? எழுந்து போய் ஒரு தலைவாழை இலையை எடுத்து, முதல் இடத்தில் போட்டேன். ஜீப்பிலிருந்து அந்தக் கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து, இலையில் உப்பு வைக்கிற மூலையில் வைத்தேன். ஊர்ச் சூட்டில் எண்ணெய் இளகி, கீழே கறுப்பாகப் பிரேக் ஆயிலும் மேலே தெளிவாகத் தேங்காய் எண்ணெயுமாகத் தனித்தனியே நின்றது.

"மாமா, இலை போட்டிருக்கு" என்றேன்.

மணிக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா பாட்டிலைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து மோந்தார். திரும்ப மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டு, அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இது நான் விட்டது. குறைஞ்சு கிடந்தது. தலைக்கும் விளக்குக்கும் கதவுக் கீலுக்கும் நாம இதைத்தானே விடறோம், இதுக்கும் ஆகும்னு நெனச்சேன். மலைமேல தெரிஞ்சுது. சொல்ல வாய் வரலை." பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "வண்டி தாமசிக்கலை. கோமதியும் தாமசிக்கலை. நானாக்கும் தாமசிச்சது. சாதம் மட்டும் போடு. உப்பு வேண்டாம், குழம்பு வேண்டாம்."

மணிதான் போட்டான். மாமா இலையைச் சுற்றி நீர் விட்டு, அந்த வெறும் சோற்றைக் கடைசிப் பருக்கைவரை எல்லார் முன்னாலும் சாப்பிட்டார். அந்த இலையைப் போட்டதற்கு நான் வருத்தப்படவில்லை, இன்றுவரை இல்லை. மகனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று அவர் வைத்திருந்தால் நான் அன்றே அந்தக் கோஷ்டியை விட்டிருப்பேன்.

அவர் இலையை மடித்து எழுந்த பிறகுதான் எங்களுக்கெல்லாம் இலை விழுந்தது.

மறுநாள் காலை கொல்லையில் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். பின்சக்கரங்களை இன்னொரு தடவை பார்க்கவேண்டியிருந்தது. கொல்லைக் கதவு திறந்தது. மாமா. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், நின்றால் நிற்கட்டும். அவர் தரைத் தகட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, எதையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கோமதி, இதுல என்ன விடணும்?"

"நீங்க ஒண்ணும் விடவேண்டாம் மாமா" என்றேன். "ஏறி உக்காந்து அமுக்குங்கோ, போறும்."